முழுங்கிய இருபது நொடி

உட்கார்ந்து செய்கிற வேலையில் இவ்வளவு வலி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மூட்டை தூக்கினால் வலிக்கும், டயர் கழற்றினால் வலிக்கும், அது நியாயம். நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறவனுக்கு இடுப்புக்கு மேலே, இடது பக்கம், ஆணி அடித்தது போல் வலிப்பதில் ஒரு நியாயமும் இல்லை. அதனால் நடுநடுவே எழுந்து நிற்பேன், இரண்டு அடி நடப்பேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேச்சை நிறுத்த மாட்டேன். உங்கள் போன் பதிவு செய்கிறது என்று தெரியும். செய்யட்டும்.

முதலில் என் அப்பாவைச் சொல்ல வேண்டும். தானியக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். ஒரு நாள் அடுக்கு சரிந்து கூட வேலை செய்தவரின் கால் நசுங்கியது. மேஸ்திரி ஒரு தாளைக் கொண்டுவந்து, சும்மா விவரம் எழுதியிருக்கிறது என்று சொல்லி அப்பாவின் கைநாட்டை வாங்கிக்கொண்டார். அடுக்கியது இவர்தான், அடுக்கினது தப்பு என்று அதில் எழுதியிருந்தது. அன்றோடு வேலை போயிற்று. அடுக்கச் சொன்னவர், இடம் போதாது என்று தெரிந்தவர், யாருடைய பெயரும் அந்தத் தாளில் இல்லை. அப்பா எனக்கு விட்டுப் போன சொத்து ஒரு வாக்கியம். "எதை வேணாலும் தூக்குடா. பேரை மட்டும் எழுதிக் குடுத்துடாதே."

நான் பஸ் டிப்போவில் பதினாறு வருஷம் டயர் பிரிவில் இருந்தேன். முதுகு போன பிறகு இரக்கப்பட்டு மாடியில் கண்காணிப்பு அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு மேஜை, ஒரு திரை, இரண்டு பொத்தான். அப்போதுதான் எல்லா பஸ்ஸிலும் ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு சின்னக் கேமரா மாட்டியிருந்தார்கள். டிரைவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இமை மூடினால், தலை தொங்கினால் கண்டுபிடிக்கும். டிரைவர்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். "டேய், மாமியார் முழிச்சிருக்கா, கொட்டாவி விடாதே" என்பார்கள். கொட்டாவி விட்டாலும் கத்தியது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாலும் கத்தியது. பஸ்ஸுக்குள்ளேயே மணி அடித்ததால் பயணிகள் பயந்து இறங்கினார்கள்.

அப்போது டிப்போ டீக்கடையில் நடந்த வாதங்களை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சங்கச் செயலாளர் ஒரு கண்டக்டர். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவார், அதனால் அவருக்குப் பட்டப்பெயரே சட்டம்.

"ஒரு மனுஷனைத் தூங்குமூஞ்சின்னு சொல்ல மெஷினுக்கு என்ன அதிகாரம்? மனுஷன் பார்த்து, மனுஷன் சொல்லணும்" என்றார் அவர்.

"மனுஷன் தப்பாச் சொன்னா?" என்றேன்.

"அவனைப் பிடிச்சு உலுக்கலாம். மெஷினை ஜெயில்ல போட்டா அதுக்கு என்ன வலிக்கும்? அதுக்குப் பசிக்கக்கூடச் செய்யாதே."

"பசிக்காத ஆளைத்தான் நிர்வாகம் தேடிக்கிட்டே இருக்கு, சட்டம்ணே" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

சங்கம் ஜெயித்தது. மாமியார் இனி நேராகக் கத்தக் கூடாது. சந்தேகம் வந்தால் டிரைவரின் முகத்தை என் திரைக்கு அனுப்ப வேண்டும். நான் பார்க்க வேண்டும். சிவப்பை அழுத்தினால் பஸ்ஸில் மணி அடிக்கும், சீட் அதிரும், டிரைவர் கணக்கில் ஒரு சிவப்பு ஏறும். ஒரே மாதத்தில் மூன்று ஏறினால் வேலை போய்விடும். பச்சையை அழுத்தினால் பொய்ச் சந்தேகம் என்று மூடிக்கொள்ளும். எதை அழுத்தினாலும் கூடவே என் ஊழியர் எண் பதிவாகும். மனிதனுக்கு மரியாதை கிடைத்தது என்று சட்டம் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த மனிதன் நான் என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான்.

மூன்றாவது வழி ஒன்று இருப்பதை நான் தற்செயலாகத்தான் கண்டேன். ஒரு நாள் கழிவறைக்குப் போய்விட்டு ஓடி வருகிறேன், திரையில் ஒரு முகம். நாற்காலியில் உட்கார்வதற்குள் அது மறைந்துவிட்டது. பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். "தொடர்பு இல்லை" என்று இருந்தது. எண் எதுவும் இல்லை. இருபது நொடிக்குள் யாரும் எதையும் அழுத்தாவிட்டால் அப்படித் தானாக மூடிக்கொள்ளும்படி வைத்திருந்தார்கள். நெட் அறுந்துபோனால் திரை உறைந்து நிற்காமல் இருப்பதற்காக. நல்ல எண்ணத்தில் வைத்ததுதான்.

யோசித்துப் பாருங்கள். சிவப்பை அழுத்தினால் ஒருவன் குடும்பத்தில் கை வைக்கிறேன். பச்சையை அழுத்தினால் நாளைக்கு ஏதாவது ஆனால் என் எண் அங்கே இருக்கும். இரண்டையும் அழுத்தாமல் கையை மடியில் வைத்துக்கொண்டால் யாருக்கும் எதுவும் இல்லை. அப்பா இருந்திருந்தால் தோளில் தட்டியிருப்பார்.

மெதுவாக டிரைவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை, அவர்களே புரிந்துகொண்டார்கள். படியில் எதிர்ப்பட்டால், "அண்ணே, இன்னைக்கு என்னுது வந்தா முழுங்கிடுங்க" என்பார்கள். முழுங்குவது என்பது எங்களுக்குள் ஒரு சொல்லாகிவிட்டது. எல்லாவற்றையும் முழுங்கவில்லை. கொட்டாவியை, கண் கசக்குவதை, குனிந்து தண்ணீர் பாட்டில் எடுப்பதை முழுங்கினேன். அப்புறம் சில நேரம் கொஞ்சம் கண் மூடுவதையும். முன்பின் தெரியாத புது ஆட்களுக்கு மட்டும் ஒழுங்காகச் சிவப்பை அழுத்தினேன். அறையில் ஆளே இல்லை என்று நிர்வாகம் நினைத்துவிடக் கூடாதல்லவா.

டிரைவர்கள் சேர்ந்து என் முதுகுக்கு ஒரு தலையணை வாங்கித் தந்தார்கள். நீல உறை போட்டது. அதை லஞ்சம் என்று நீங்கள் எழுதினால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இனி என் தங்கை. அவள் கணவனும் எங்கள் டிப்போவில்தான் டிரைவர். எனக்கு மாப்பிள்ளை. அமைதியான ஆள், ஸ்டியரிங்கைக்கூட அதட்டாமல் திருப்புவார். நான் சொல்லப்போகிற நாளுக்கு மூன்று மாதம் முன்னால் அவர்களுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். ஒன்று தூங்கினால் ஒன்று அழும். தங்கைக்குப் பிரசவத்தில் போட்ட தையல் ஆறவில்லை. மாப்பிள்ளைதான் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார், பிறகு காலையில் வண்டி எடுப்பார். அந்த மாதம் அவர் கணக்கில் ஏற்கெனவே இரண்டு சிவப்பு. இரண்டும் என் விடுமுறை நாட்களில் மாற்று ஆள் அழுத்தியவை.

தங்கை என்னிடம் சொன்னாள். "அண்ணா, இன்னும் ஒண்ணு விழுந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். இந்த ரெண்டையும் வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? நீ அங்கதானே உக்காந்திருக்கே. பார்த்துக்கோ." அவள் கையில் ஒரு பிள்ளை, என் கையில் ஒரு பிள்ளை. பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். எந்த அண்ணன் வேறு மாதிரி சொல்வான்?

அந்த நாள் மதியம் இரண்டு மணி நாற்பது நிமிடம். சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற நேரம், எல்லா முகமும் சொக்கிப்போய்த்தான் இருக்கும். திரை ஒளிர்ந்தது. மாப்பிள்ளை.

வெயில் இல்லை. கொட்டாவி இல்லை. இரண்டு கண்ணும் மூடியிருந்தன, வாய் கொஞ்சம் திறந்திருந்தது, தாடை மார்பில் படிந்திருந்தது. நல்ல தூக்கம். பல நாள் கழித்துக் கிடைத்த தூக்கம் என்று பார்த்தாலே தெரிந்தது. திரையின் மூலையில் நொடிகள் ஓட ஆரம்பித்தன. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது நொடியில் தானாக விழித்துவிடுவார் என்று நினைத்தேன். ஒன்பதில் எழுந்து நின்றேன், முதுகுக்காக. பதினொன்றில் கண்ணைத் திறந்தார். பார்த்தீர்களா, நான் நினைத்தது சரிதான். பிறகு மறுபடி மூடிக்கொண்டார். பதினான்கில் உட்கார்ந்தேன். பதினேழில் அவர் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஸ்டியரிங்கும் கூடவே போனது. பத்தொன்பதில் படம் குலுங்கியது. இருபதில் திரை மூடிக்கொண்டது. தொடர்பு இல்லை.

சாலை ஓரத்து நிறுத்தத்தில் ஏழு பேர் நின்றிருந்தார்கள். பஸ் ஏறியதில் இரண்டு பேர் அங்கேயே போய்விட்டார்கள். மாப்பிள்ளைக்கு மணிக்கட்டு முறிந்தது.

விசாரணை ஒழுங்காகத்தான் நடந்தது. பொறியாளர்கள் வந்து பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு தடவை "தொடர்பு இல்லை" என்று இருந்தது. இவ்வளவு மோசமான தொடர்பை வைத்துக்கொண்டு எப்படி உயிர்களை ஒப்படைத்தீர்கள் என்று கருவி விற்ற நிறுவனத்தைக் கேட்டார்கள். அந்த நானூற்றுப் பன்னிரண்டில் நெட் உண்மையாகவே அறுந்தது முப்பதோ நாற்பதோ இருக்கும். மற்றதெல்லாம் நான் செய்த உதவிகள். அவை இப்படி எனக்கே திரும்பி உதவும் என்று நான் திட்டம் போட்டிருக்கவில்லை. என்னிடம் வாய்மொழியாகத்தான் கேட்டார்கள். "நெட் விட்டு விட்டு வருங்க" என்றேன். அது பொய் இல்லை. பிரிவின் சார்பாக மேலாளர் கையெழுத்துப் போட்டார்.

தப்பு மெஷின் மேல் என்று முடிவானது. நிறுவனம் நஷ்டஈடு கொடுத்தது. எழுப்ப வேண்டிய கருவி எழுப்பவில்லை என்று சங்கம் வாதாடியதால் மாப்பிள்ளைக்கு வேலை போகவில்லை, உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். டீக்கடையில் ஒரு மாதம் அதே பேச்சு. மெஷினை நம்பலாமா, சட்டத்தில் மெஷினுக்கு இடம் எங்கே, பொறுப்பு செய்தவனுக்கா விற்றவனுக்கா. நானும் பேசினேன். நன்றாகவே பேசினேன். மனிதன் இல்லாத இடத்தில் இப்படித்தான் நடக்கும் என்று நான் சொன்னபோது சட்டம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எல்லோருக்கும் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஒரே ஒரு ஆளைத் தவிர.

அந்த அம்மா தையல்காரி. விசாரணை மண்டபத்துக்கு வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், அளவெடுக்கிற நாடா கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. செத்துப்போன இரண்டு பேரில் ஒருவர் அவர் கணவர். தைத்து முடித்த சீருடைகளைக் கட்டி, ஒரு பள்ளியில் கொடுத்துவிட்டு வரச் சொல்லி அந்த அம்மாதான் அனுப்பியிருக்கிறார். நாளைக்குப் போகிறேன் என்றாராம் கணவர். இன்றைக்கே போ என்றாராம் இவர். அதை மறைக்காமல் எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு அது வியப்பாக இருந்தது. கேட்காமலே ஒருவர் தன் பங்கைச் சொல்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு கேட்டார். "அந்த நேரத்துல டிரைவர் முகத்தைப் பார்க்க வேண்டிய எடத்துல யாரு இருந்தது? பேரு சொல்லுங்க, போதும்."

"அம்மா, அது சிஸ்டம்" என்றார் அதிகாரி.

"சிஸ்டம்னா அதுக்கு முன்னாடி ஒரு நாற்காலி இருக்கும்ல?"

"ஊழியர் பேரை வெளியில சொல்ல விதி இல்லைம்மா. அப்படியே சொன்னாலும் அவர் எதையும் பார்க்கலை. தொடர்பு இல்லைன்னு பதிவாகியிருக்கு."

"பார்க்கலைன்னு அவரு வாயால சொல்லட்டும். நான் வீட்டுக்குப் போயிடுறேன்."

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு எங்கேயும் நிலைகொள்ளவில்லை. குழாயில் வாளி நிரம்புவதற்குள் இருபது வரை எண்ணிவிடுகிறேன். சாலையைக் கடக்க நின்றால் எண்ணுகிறேன். தங்கை வீட்டில் பிள்ளை அழ ஆரம்பித்தால், அவள் தூக்குவதற்குள் எத்தனை என்று எண்ணுகிறேன். பெரும்பாலும் அவள் ஆறுக்குள் தூக்கிவிடுவாள். இருபது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். டயர் பிரிவில் இருபது நொடியில் நான் மூன்று நட்டு கழற்றியிருக்கிறேன்.

ஒரு நாள் அந்த அம்மாவின் கடைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. ஒரு துணியை வாங்கிக்கொண்டு போய் பேண்ட் தைக்க வேண்டும் என்றேன். அளவெடுத்தார். நாடா இடுப்பைச் சுற்றியபோது வலியில் முனகிவிட்டேன்.

"முதுகா? உக்காந்து பார்க்கிற வேலையா?"

"ஆமாம்."

"எனக்கும் அதேதான். மெஷின்ல குனிஞ்சு குனிஞ்சு. இடுப்புப் பட்டையைக் கொஞ்சம் மேல ஏத்தி வைக்கிறேன், புடிச்சா மாதிரி இருக்கும்." நோட்டைத் திறந்தார். "பேரு சொல்லுங்க, எழுதணும்."

தையல் எந்திரத்தின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எண்ணினேனா என்று நினைவில்லை. அவர் ஒரு கட்டத்துக்கு மேல் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "பேரைக் கேட்டா இப்படி யோசிக்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன். சரி விடுங்க." முதுகுவலிக்காரர் என்று எழுதிக்கொண்டார். முழுக் கூலியையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு வந்தேன். பேண்ட்டை இன்னும் வாங்கப் போகவில்லை. அந்த வாரம்தான் அவர் நீதிமன்றத்தில் மனு போட்டிருந்தார், அந்த நாற்காலியில் இருந்தவரின் பெயர் வேண்டும் என்று. அதனால்தான் அவருடைய வக்கீலாக நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். சிவப்பை ரத்து செய்ய விதியில் வழி உண்டு. அழுத்தி எழுப்பிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு படிவத்தில், தவறுதலாக அழுத்திவிட்டேன் என்று எழுதினால் டிரைவர் கணக்கிலிருந்து அது நீங்கிவிடும். நான்கு வரி. மாப்பிள்ளை விழித்திருப்பார், வேலையும் போயிருக்காது, நிறுத்தத்தில் நின்ற ஏழு பேரும் அவரவர் வேலைக்குப் போயிருப்பார்கள். படிவத்தின் கீழே என் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும். ஒன்பதாவது நொடியில் எழுந்து நின்றேன் என்றேனே, அப்போது அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். தங்கைக்காகச் செய்தேன் என்று இவ்வளவு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என்னிடமே. ஓரளவுக்கு உண்மைதான்.

இன்னொன்று. என்னிடம் முழுங்கச் சொல்லிக் கேட்காத ஒரே டிரைவர் மாப்பிள்ளை. அன்று காலையில் படிக்குக் கீழே நின்று என்னைக் கூப்பிட்டார். கண் ரத்தமாக இருந்தது.

"மச்சான், இன்னைக்கு ரொம்பச் சொக்குது. மாத்து ஆள் இல்லைன்னுட்டாங்க. மாமியார் என் மூஞ்சியை அனுப்பிச்சா யோசிக்காதீங்க, அடிச்சு எழுப்பிடுங்க. வேலை போனா போகட்டும். நீங்க மேல இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் வண்டியை எடுக்கிறேன்."

"சரி மாப்ள" என்றேன்.

இப்போதும் கிடங்கில் போல்ட் எண்ணிக்கொண்டே கேட்பார். "எல்லாருக்கும் கத்துவாளே மச்சான், எனக்கு மட்டும் அன்னைக்கு ஏன் வாயே திறக்கலை?" ஒருநாள் தப்பாமல் கேட்கிறார். மெஷினை நம்பக் கூடாது மாப்ள என்று சொல்லி வைக்கிறேன்.

ஆக, கொன்றது யார் என்று கேட்டால், மாப்பிள்ளை தூங்கினார், மெஷின் தன் வேலையைச் சரியாகச் செய்தது, அந்த முகத்தை எனக்குக் காட்டியது. நான் பார்த்தேன். இருபது நொடியும் கண் எடுக்காமல் பார்த்தேன். அந்த இரண்டு பேரையும் கொன்றவன் நான்.

இப்போது வேறு நிறுவனத்தின் கருவி வந்திருக்கிறது. புது விதிகள் எழுத ஒரு குழு போட்டார்கள், அனுபவம் உள்ளவன் என்று என்னையும் சேர்த்தார்கள். இருபது நொடி போதாது, அவசரத்தில் தவறு நடக்கும், முப்பதாக்குங்கள் என்று நான் சொன்ன யோசனையை ஏற்றுக்கொண்டார்கள். நேற்று இரண்டை முழுங்கினேன். கொட்டாவிதான், பெரும்பாலும்.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரி, ஒரு வரியும் மாற்ற வேண்டாம். கையெழுத்து இல்லாத வாக்குமூலம் வெறும் பேச்சு என்று சட்டம் ஒரு தடவை டீக்கடையில் விளக்கியிருக்கிறார். குரல் பதிவையும் என்னுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டுமாம். நான் உங்களை ஏமாற்றுவதாக நினைக்காதீர்கள். பேனாவை எடுத்துக்கொள்ள வேண்டாம், இங்கேயே இருக்கட்டும். முதுகைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்கிறேன். கையை மடியில் வைத்தால்தான் வலி குறைகிறது.

அந்தத் தையல்காரம்மாவுக்கு நான் ஒரு பெயர் கடன்பட்டிருக்கிறேன். அது என் பெயர். இன்னும் கொடுக்கவில்லை.